இயற்பியலில் முதுகலை முடித்தவர், கற்பிப்பதற்கு இன்னொரு முதுகலை படிக்க வேண்டுமா?

மார்ச் 2: வந்த கேள்வி

"இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டேன். பள்ளி ஆசிரியராகப் போகிறேன். அறிவியல் கல்வியில் இன்னொரு முதுகலை படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பாடம் எனக்குத் தெரியாதா? தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வருடம் எதற்கு? அந்த இரண்டு வருடம் வகுப்பில் நின்றாலே தானாக வந்துவிடாதா?"

மார்ச் 2, இரவு

நானும் இதே கேள்வியோடுதான் வேலைக்குப் போனேன். முதல் வருடம், தொடர் இணைப்பு நடத்துகிறேன். ஒரு பேட்டரி, வரிசையாக இரண்டு பல்ப். கணக்குப் போட்டாயிற்று. வகுப்பில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடும் மாணவி ஒருத்தி, மணியடிக்கும் நேரத்தில் கேட்டாள்: "முதல் பல்ப் கொஞ்சம் மின்னோட்டத்தைச் செலவழித்துவிடும் இல்லையா? அப்புறம் இரண்டாவது பல்ப் எப்படி அதே வெளிச்சத்தில் எரியும்?"

ஓம் விதியை மறுபடி எழுதிக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, அதே விதி. அதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. குவாண்டம் இயக்கவியல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பெண்ணின் தலைக்குள் என்ன படம் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு படம் ஓடும் என்பதே தெரியாது.

அது அவளுடைய தனிப்பட்ட குழப்பம் இல்லை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மாட் குழுவினர் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். ஒரே மாதிரி ஐந்து பல்ப், மூன்று மின்சுற்று: ஒன்றில் ஒற்றை பல்ப், ஒன்றில் இரண்டு தொடராக, ஒன்றில் இரண்டு பக்க இணைப்பில். வெளிச்சத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும். கணக்கே கிடையாது. பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர்தான் சரியாகச் சொன்னார்கள். பாடம் நடத்துவதற்கு முன்பும் அவ்வளவுதான், நடத்திய பின்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். தவறாகச் சொன்னவர்களில் பலருக்கு என் மாணவியிடம் இருந்த அதே எண்ணம்: மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது.

உங்களுக்குப் பாடம் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. இதுவும் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

மார்ச் 3

நேற்று பாதியில் விட்டேன். இதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியரின் அறிவைப் பிரித்துப் பார்க்கிறார். பாட அறிவு தனி, பொதுவான கற்பித்தல் உத்திகள் தனி, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று. பாடம்சார் கற்பித்தல் அறிவு என்று தமிழில் சொல்லலாம். இந்தத் தலைப்பில் மாணவர்கள் எங்கே இடறுவார்கள், ஏன் அங்கே இடறுகிறார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும், எது இன்னும் குழப்பும் என்கிற அறிவு. வேதியியலாளருக்கு அது தேவையில்லை. வேதியியல் ஆசிரியருக்கு அது இல்லாமல் முடியாது.

இயற்பியலுக்குப் பிறகு நான் படித்த இரண்டு வருட அறிவியல் கல்வி முதுகலையில் இதற்கென்று இருந்தது ஒரே ஒரு தாள். மற்றவற்றில் பாதி இப்போது நினைவில் இல்லை. அந்த ஒரு தாளுக்காக மட்டுமே மறுபடியும் சேர்வேன்.

வகுப்பு இப்படி நடக்கும். பேராசிரியர் மாணவர் விடைத்தாள்களை நகலெடுத்து வருவார், பெயர் மறைத்து. எல்லாம் தவறான விடைகள். "இது தவறு என்று சொல்ல யாராலும் முடியும். எந்த விதியைப் பின்பற்றினால் இந்த விடை வரும் என்று சொல்லுங்கள்." அதுதான் முழு வகுப்பும். 0.35 என்பது 0.8-ஐ விடப் பெரிது என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். 35 எட்டை விடப் பெரிது, அவன் முழு எண்ணின் விதியைப் புள்ளிக்குப் பின்னும் கொண்டுபோகிறான். சரி, எல்லோரும் சொல்லிவிட்டோம். அடுத்த தாளில் இன்னொரு பையன் 0.35 சிறியது என்று சரியாக எழுதியிருக்கிறான். ஆனால் 0.3-ஐ விடவும் 0.35 சிறியது என்கிறான்! இலக்கம் கூடக்கூட எண் சிறுத்துக்கொண்டே போகும் என்பது அவன் விதி. முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது. சரியான விடைக்குப் பின்னாலும் ஒரு தவறான விதி இருக்கலாம். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை.

மார்ச் 3, மாலை

"அப்படியானால் பாட அறிவு முக்கியமில்லை என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். பத்தாம் வகுப்பு நடத்த ஒரு இளங்கலைப் பட்டம் அளவுக்குப் பாடம் இருந்தால் போதும், அதற்கு மேல் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம்.

மார்ச் 6

மேலே மூன்றாம் தேதி மாலை எழுதியது அவசரத்தில் எழுதியது. மூன்று நாளாக உறுத்துகிறது. திருத்துகிறேன்.

முதலில் எண்கள். டேவிட் மங்க் 1994-இல் அமெரிக்கக் கணித, அறிவியல் ஆசிரியர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஆசிரியர் கல்லூரியில் படித்த கணிதத் தாள்கள் கூடக்கூட மாணவர் முன்னேற்றமும் கூடுகிறது. ஆனால் சுமார் ஐந்து தாளுக்குப் பிறகு அந்தக் கூடுதல் மங்கிவிடுகிறது. கணிதத்தைக் கற்பிப்பது பற்றிய தாள்கள், வெறும் கணிதத் தாள்களை விடக் கூடுதலாக உதவியதாகவும் அதில் வருகிறது. இதுவரை என் பக்கம்தான். ஆனால் கோல்ட்ஹேபர், ப்ரூவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தொண்ணூறுகளில் பார்த்தபோது, ஆசிரியரிடம் ஏதோ ஒரு முதுகலை இருப்பதால் மாணவருக்குப் பலன் தெரியவில்லை. கணித ஆசிரியரிடம் கணிதப் பட்டம் இருந்தபோது தெரிந்தது. ஆக, பாடம் முக்கியமில்லை என்று நான் கோடு கிழித்தது சரியில்லை.

அடுத்தது லிபிங் மா. 1999-இல் வெளியான அவரது ஆய்வு இந்த விவாதத்துக்கே நடு முடிச்சு. தொடக்கநிலை ஆசிரியர்களிடம் 1¾ ÷ ½ போடச் சொன்னார், அதற்கு ஒரு கதைக் கணக்கும் கேட்டார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் 9 பேர் சரியான விடை கண்டார்கள். பொருந்துகிற கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர் 72 பேரும் விடை சரி, 65 பேர் பொருத்தமான கதை சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள்.

அப்படியானால் பாடம் வேண்டும், ஆழமாகவே வேண்டும். ஆனால் அந்த ஆழம் மேலே மேலே படித்துப் போவதில் வருவதில்லை. பள்ளிப் பாடத்துக்குள்ளேயே கீழே தோண்ட வேண்டியிருக்கிறது. ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908-லேயே இதைப் பார்த்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மாணவன் பள்ளிக் கணிதத்தை மறக்கிறான், ஆசிரியராகத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணிதத்தை மறக்கிறான் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு முறை நூல் அறுகிறது. அதற்காகத்தான் பள்ளிக் கணிதத்தையே மேலிருந்து பார்க்கும் விரிவுரைகளை ஆசிரியர்களுக்கென்று நடத்தினார்.

என் அனுபவத்தில் இது எங்கே பட்டது என்றால், முதுகலை இயற்பியலில் மின்காந்தப் புலம் படித்தபோது, கம்பியின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் அமர்வதைப் பற்றி ஒரு பத்தி வந்தது. தேர்வுக்கு வராது என்று தாண்டிவிட்டேன். பல்ப் கேட்ட மாணவிக்கு வேண்டியிருந்தது அந்தப் பத்திதான். சுற்று முழுவதும் மின்னோட்டம் எப்படி ஒரே அளவில் நிலைகொள்கிறது, இரண்டாவது பல்ப் இருப்பது முதல் பல்புக்கு எப்படித் "தெரிகிறது" என்பதற்கெல்லாம் விடை அங்கே இருக்கிறது.

மார்ச் 7

1¾ ÷ ½-க்குக் கதை என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றே முக்கால் மீட்டர் ரிப்பன் இருக்கிறது, அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு? மூன்றரை. "இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கு" என்று சொன்னால் அது 2-ஆல் வகுப்பது, ½-ஆல் அல்ல. பலர் விழுந்தது அங்கேதான். கடைசியில் மீதி கால் மீட்டர், அது ஏன் "அரை" என்று எழுதப்படுகிறது? ஏனென்றால் அது அரைத் துண்டு, அரை மீட்டர் அல்ல. மாணவர்கள் 3¼ என்று சொல்வது அதனால்தான். இந்த ஒரு கணக்கில் ஒரு முழு பாடவேளை இருக்கிறது.

மார்ச் 11

படிப்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விளம்பரம் செய்ய நான் வரவில்லை.

நான் படித்த இடத்தில் கல்வி உளவியல் வகுப்பு என்றால் கற்றல் கோட்பாடுகளைக் குறிப்பெடுப்பது. எந்தக் கோட்பாடும் ஒரு அறிவியல் தலைப்பைத் தொட்டதில்லை. பயிற்சிக் கற்பித்தலின்போது மேற்பார்வையாளர் பத்து நிமிடம் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு படிவம்: கரும்பலகை எழுத்து, குரல், நேர ஒழுங்கு, துணைக்கருவி உண்டா. எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். நான் அன்றைக்கு மிதப்பு விதியைத் தவறான உதாரணத்தோடு நடத்தியிருந்தேன், படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஒரு கற்றுக்குட்டி ஆசிரியர் செய்யும் பெரிய பிழை யார் கண்ணிலும் படாமல் போவதற்கு இடம் கொடுக்கிற பயிற்சி, பயிற்சியே அல்ல. இதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அதே படிப்பில் இன்னொரு அனுபவம். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஐந்து நிமிடம், பத்து நிமிடம் மட்டும் நடத்திப் பார்ப்பது, ஸ்டான்ஃபோர்டில் அறுபதுகளில் தொடங்கியது. அதில் எங்களை ஒலிப்பதிவு செய்யச் சொன்னார்கள். கேள்வி கேட்ட பிறகு எத்தனை வினாடி காத்திருக்கிறேன் என்று நானே எண்ண வேண்டும். ஒரு வினாடிகூட இல்லை. கேட்கிறேன், உடனே நானே விடை சொல்கிறேன். மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கண்டதும் இதுதான்: ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது ஒரு வினாடி அளவுக்குத்தான். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, வாய் திறக்காத மாணவர்கள் பேசுகிறார்கள்.

மூன்று வினாடி என்பது வகுப்பறையில் எவ்வளவு நீளமானது என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்றும் மேசைக்கடியில் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டுதான் நிற்கிறேன்.

மார்ச் 12

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஸ்டெம் (STEM) என்கிறார்கள்; அதில் தொழில்நுட்பமும் பொறியியலும் எங்கே போயின என்று ஒருவர் கேட்டது நியாயம். நான் அந்தப் பாடங்களை நடத்தியதில்லை. உடன் படித்த தோழி நிரலாக்கம் நடத்துகிறார். அவரிடம் கேட்டதைச் சொல்கிறேன்.

அ = அ + 1. இந்த ஒரு வரியில் பாதி வகுப்பு நின்றுவிடும் என்கிறார். கணித வகுப்பில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் ஒன்று. இங்கே அது ஒரு கட்டளை, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் போடு என்று. கணித ஆசிரியரும் நிரலாக்க ஆசிரியரும் ஒருவரோடு ஒருவர் பேசாத பள்ளியில், மாணவன் இரண்டு வகுப்புக்கும் நடுவில் தனியாகச் சிக்கிக்கொள்கிறான். நான்கு துறைகளையும் ஒரே பெயரின் கீழ் கட்டுவதற்கு நான் காணும் உண்மையான நியாயம் இதுதான். ஒரே குறி, ஒரே சொல், துறைக்குத் துறை பொருள் மாறுகிறது. "வேலை" என்ற சொல்லை இயற்பியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

பொறியியலில் அவர் சொன்ன சிக்கல் வேறு. காகிதப் பாலம் கட்டச் சொன்னால் குழந்தைகள் உற்சாகமாகக் கட்டுவார்கள். உடைந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவார்கள், மடிப்பு, நீளம், ஒட்டும் இடம் எல்லாம். எது உடைத்தது என்று கடைசிவரை தெரியாது. உடைந்த பாலத்தை உட்கார்ந்து பார்க்க வைப்பதற்குத்தான் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். கட்ட வைப்பது யாராலும் முடியும்.

மார்ச் 15

முதல் கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை: வகுப்பில் நின்றாலே வந்துவிடாதா?

எரிக் மசூர் 1984 முதல் ஹார்வர்டில் இயற்பியல் நடத்தினார். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள், கடினமான கணக்குகளைப் போட்டார்கள். ஆறு வருடம் எல்லாம் சரியாகவே தெரிந்தது. 1990-இல் ஹலூன், ஹெஸ்டினஸ் எழுதிய கட்டுரைகளைப் படித்தார். நியூட்டன் விதிகளைப் பற்றிய எளிய, கணக்கில்லாத கேள்விகள் அவற்றில் இருந்தன. அந்தக் கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா?

அவர் வகுப்பில் நின்றார். நன்றாகவே நின்றார். ஆனால் அந்தக் கேள்வித்தாள் கைக்கு வரும்வரை வகுப்பு அவருக்கு எதையும் சொல்லவில்லை. என் பல்ப் மாணவி வாய்விட்டுக் கேட்டாள். மற்ற நாற்பது பேர் கேட்கவில்லை, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 16

"மசூர் கல்வியியல் முதுகலை படிக்கவில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. நேற்று எழுதும்போது இதை யோசிக்கவில்லை, ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

அவருக்குக் கிடைத்தது பட்டம் இல்லை, பிறர் செய்த ஆய்வு. அதைத் தன் வகுப்பில் போட்டுப் பார்க்கும் துணிவும் இருந்தது. வந்த விடைகளைப் பார்த்த பிறகு விரிவுரையை நிறுத்தி, கேள்வி போட்டு, மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிப் பதிலை மாற்றிக்கொள்ளும் முறைக்கு மாறினார்.

லிபிங் மாவின் சீன ஆசிரியர்களும் பட்டம் வாங்கவில்லை. அவர்களுக்கு அந்த ஆழம் வந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, பாடநூலை வரிவரியாக உடன் ஆசிரியர்களோடு உட்கார்ந்து அலசியதில். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையைக் கூட்டாகத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள், பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். அந்தப் பாட ஆய்வு முறையிலும் இதேதான் நடக்கிறது.

ஆக இரண்டு வருடப் படிப்புதான் வழி என்று நான் சொன்னால் அது பொய். தனியாக நின்று கிடைக்காத இரண்டு விஷயங்கள் உண்டு: மற்றவர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பது, உங்கள் வகுப்பைப் பார்க்க இன்னொரு கண். இவை இரண்டும் பள்ளியிலேயே கிடைத்தால் படிப்புக்குப் போகத் தேவையில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. நான் வேலை பார்த்த முதல் பள்ளியில் மற்றவர் வகுப்பில் போய் உட்காருவதை வேவு பார்ப்பதாக நினைத்தார்கள்.

மார்ச் 21

எந்தப் படிப்பில் சேரலாம் என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை, ஆனால் சேரும் முன் அங்கே படிப்பவரிடம் கேளுங்கள்: கடந்த மாதம் ஒரு மாணவரின் உண்மையான விடைத்தாளை வைத்து எத்தனை வகுப்பு நடந்தது? ஒன்றுமில்லை என்றால் யோசியுங்கள். உங்கள் பயிற்சி வகுப்பைப் பார்க்க வருபவர் உங்கள் பாடத்துக்காரரா? இது முக்கியம். என் மிதப்பு விதிப் பிழையை இயற்பியல்காரர் ஒருவர் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருப்பார்.

வேலையில் இருந்துகொண்டே படிப்பதா, விட்டுவிட்டுப் படிப்பதா? வேலையில் இருந்துகொண்டே. களைப்பு அதிகம்தான், மாலை வகுப்பில் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை படித்ததைச் செவ்வாய்க்கிழமை போட்டுப் பார்க்க ஒரு வகுப்பு கையில் இருப்பதற்கு ஈடு இல்லை.

ஆய்வேடு வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்லாந்தில் 1979 முதல் ஆசிரியர்களுக்கு முதுகலை கட்டாயம், அதில் ஆய்வேடும் உண்டு. நான் கொதிநீரில் வரும் குமிழிகளைப் பற்றி எழுதினேன். அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்று என்பார்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள், வெற்றிடம் என்பார்கள். நீராவி என்று சொல்பவர்கள் குறைவு. மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினேன். ஒருவரோடு அரை மணி நேரம், குறுக்கே பேசாமல், திருத்தாமல் கேட்க வேண்டும். ஆசிரியராக இருந்தவனுக்கு அதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது. தவறு காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறக்கும். நான்காவது மாணவரிடம்தான் எனக்கு அடங்கியது.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். படிப்பில் இன்னும் சேரவில்லை, ஒரு பள்ளியில் தற்காலிக வேலை. ஐந்து பல்ப் கேள்வியைக் கொடுத்துப் பார்த்தாராம். வகுப்பில் மூன்று பேர் சரி. முதல் பல்புக்கு நான்கு அம்புக்குறி, இரண்டாவதற்கு இரண்டு என்று ஒரு மாணவர் படம் வரைந்து கொடுத்திருக்கிறார், இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

அந்தப் படத்தைத் திருத்த வேண்டாம். அது உங்களுக்குக் கிடைத்த முதல் உண்மையான விடைத்தாள். நாளைக்கு அம்மீட்டர் எடுத்துப் போங்கள். ஆனால் இணைப்பதற்கு முன், பல்புக்கு முன்னால் வைத்தால் என்ன எண் காட்டும், பின்னால் வைத்தால் என்ன காட்டும் என்று ஒவ்வொருவரும் இரண்டு எண்ணைத் தாளில் எழுதிப் பெயர் போடட்டும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். அதற்குப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். முள் ஒரே இடத்தில் நிற்கும்போது யாரும் பேச மாட்டார்கள். நீங்களும் பேசாதீர்கள், அம்புக்குறி வரைந்த மாணவர் முதலில் பேசட்டும்.

"மின்னோட்டம் குறையவில்லையென்றால் பல்பை எரிய வைப்பது எது?" என்று அநேகமாகக் கேட்பார். அங்கிருந்துதான் ஆற்றல் தொடங்குகிறது, உடனே விடை சொல்லிவிடாதீர்கள். எழுதிய தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். என்ன எண்கள் வந்தன என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.